பெண்டாட்டி கடைக்குப் போட்ட எழுத்து

அவருக்கு ரம்பம் என்று பெயர் வைத்தது யாரோ தெரியாது. வைத்தவருக்குத் தொழிலும் தெரிந்திருக்கிறது, ஆளையும் தெரிந்திருக்கிறது. பலகையில் எழுத்தை வரைந்து, கைரம்பத்தால் வளைத்து வளைத்து அறுத்து, உப்புத்தாளால் தேய்த்து, கடை முகப்பில் புடைத்து நிற்கும்படி மாட்டிக் கொடுப்பவர். அறுக்கும்போது பேசுவார். பேசும்போதும் அறுப்பார்.

மருந்துக்கடை, சலூன், பல் டாக்டர் என்று தெரு முழுக்க அவர் எழுத்துதான். மனைவியின் தையல் கடையில் மட்டும் வெறும் அட்டை தொங்கியது. இப்போது கடை பெரிய இடத்துக்கு மாறுகிறது. இன்று மாலை திறப்பு. அவள் கெடு வைத்துவிட்டாள்.

"ஆளுங்க வர்றதுக்குள்ள எழுத்து சுவத்துல இருக்கணும். இல்லன்னா அண்ணன் பலகைதான், சொல்லிட்டேன்."

அண்ணன் கம்ப்யூட்டர் மெஷினில் எழுத்து வெட்டுபவர். தங்கைக்காக ஒரு பலகையைத் தயார் செய்து வேனில் வைத்துக்கொண்டு, காலையிலேயே வந்து புதுக் கடைக்கு எதிரில் நாற்காலி போட்டு உட்கார்ந்துவிட்டார். ஊருக்கெல்லாம் எழுத்து மாட்டியவன் பெண்டாட்டி கடையில் மச்சான் மெஷினின் எழுத்தா? அதற்குப் பதில் ரம்பம் தன் மூக்கையே அறுத்துக்கொள்வார்.

அவர் வேலை செய்யும் விதம் இதுதான். ஒவ்வொரு எழுத்தின் முதுகிலும் தலையில்லாத ஆணிகள் இருக்கும். எழுத்துகளை மேசையில் குப்புறப் படுக்கவைத்து, மேலே காகிதம் விரித்து அழுத்துவார். ஆணிகள் குத்தி இடம் காட்டும். அந்தக் காகிதத்தைத் திருப்பிச் சுவரில் ஒட்டி, குத்திய இடங்களில் துளை போட்டால் எழுத்துகள் போய் உட்கார்ந்துகொள்ளும். திருப்ப மட்டும் மறக்கக்கூடாது. இதை அவர் எத்தனையோ பேருக்குச் சொல்லியிருக்கிறார்.

காகிதத்தை ஒட்டும்போதும் வாய் சும்மா இருக்கவில்லை.

"மெஷினுக்குக் கண்ணு கிடையாது மச்சான். வட்டமான எழுத்தை ஒரு நூல் பெருசா அறுத்தாத்தான் மத்ததோட சமமாத் தெரியும். அது மெஷினுக்குத் தெரியுமா?"

"தெரியாது மாப்பிள்ளை. ஆனா வேலை செய்யறப்ப பேசாது."

எல்லாத் துளைகளும் போட்டாயிற்று. காகிதத்தை உரித்தெடுத்து முதல் எழுத்தை வைத்தார். உட்காரவில்லை. அடுத்ததை வைத்தார். அதுவும் முறைத்தது. கையிலிருந்த காகிதத்தைத் திருப்பிப் பார்த்தார். ஊருக்குத்தான் உபதேசம். புதுப் பெயின்ட் அடித்த சுவர் சல்லடையாக நின்றது.

மச்சான் எழுந்து வந்து பார்த்தார். "காத்தோட்டத்துக்கா மாப்பிள்ளை?"

தெருவில் ரம்பத்தின் சத்தம் நின்றுவிட்டதே என்றுதான் மனைவி வெளியே வந்தாள்.

"என்னங்க இது?"

"பூசிடறேம்மா. காய்ஞ்சதும் பெயின்ட் அடிச்சு..." சாயங்காலத்துக்குள் காயாது என்பது அவருக்கே தெரியும்.

"என் பலகையை மாட்டினா எல்லா ஓட்டையும் மூடிடும்," என்றார் மச்சான். உண்மைதான். அதுதான் வலித்தது.

அவள் ஏணியில் இரண்டு படி ஏறிச் சுவரைத் தடவிப் பார்த்தாள். "சரியா துளை போட்டா எழுத்து நிக்குமா?"

"நிக்கும். மிச்ச ஓட்டையை என்ன பண்றது?"

"துணியில ஓட்டை விழுந்தா நாங்க துணியையா தூக்கிப் போடறோம்?"

உள்ளே போய்ப் பட்டன் டப்பாவோடு வந்தாள். கோட்டுக்குத் தைக்கிற, பின்னால் காம்பு வைத்த பெரிய பட்டன்கள்.

ரம்பம் காகிதத்தை இந்தத் தடவை திருப்பி ஒட்டி, மறுபடி துளை போட்டு எழுத்துகளை மாட்டினார். பழைய துளைகளில் பாதியை எழுத்துகளே மறைத்துவிட்டன. மீதியில் பசை வைத்துப் பட்டனை அழுத்தினார். கீழிருந்து உத்தரவு வந்துகொண்டிருந்தது.

"அது வேணாங்க, பக்கத்துலயே ஒரு சிவப்பு இருக்கு. நீலம் வைங்க."

நீலம் வைத்தார். தன் வேலையில் இன்னொருவர் சொல்லி அவர் கேட்டது இதுதான் முதல் தடவை. ஏணி ஆடவில்லையே என்று குனிந்து பார்த்தால், மச்சான் வேன் சாவியைப் பையில் போட்டுவிட்டு ஏணியைப் பிடித்துக்கொண்டிருந்தார்.

மாலையில் முதல் ஆளாக வந்த பல் டாக்டர் வாசலிலேயே நின்றுவிட்டார். "எழுத்தைச் சுத்திப் பட்டன். பிரமாதமா இருக்கே, யாரோட யோசனை?"

ரம்பம் வாயைத் திறந்தார். மனைவி அவரையே பார்த்தாள்.

"யோசனை அவளோடது," என்றார். "ஓட்டை என்னோடது."

"மாப்பிள்ளை இவ்வளவு சுருக்கமா பேசி நான் கேட்டதே இல்ல," என்றார் மச்சான்.