பெரிய கிராணிக்குச் சூடு பத்தாது

தர்மராஜ் சாரின் மேசையைப் பார்த்தால், அங்கே தோட்டக் கணக்கு பார்க்கிறார்களா, தேநீருக்கு வைத்தியம் பார்க்கிறார்களா என்று சந்தேகம் வந்துவிடும். நடுவில் கணினி. இடப்பக்கம் ஒரு பிளாஸ்க். அதன் அருகில் இரட்டைச் சுவர் வைத்த எஃகுக் கோப்பை, கோப்பைக்கு மூடி, மூடிக்கு ஓர் உறை. கணினியிலிருந்து ஒயர் இழுத்து, கோப்பையை ஆறவிடாமல் வைத்திருக்க ஒரு வட்டத் தட்டு. அது வேலை செய்கிறது என்பதைச் சொல்ல ஒரு சிவப்பு விளக்கு வேறு. வலப்பக்கம், காலையில் போட்ட ஐஸ் மாலைவரை உருகாத நீண்ட டம்ளர். இத்தனைக்கும் நடுவே மவுஸ் வைக்க இடமில்லாமல், தோட்டத்தின் தலைமைக் குமாஸ்தாவான பெரிய கிராணி அதைத் தன் தொடைமேல் வைத்துத் தேய்த்துக்கொண்டிருப்பார்.

கோலா பிலாவிலிருந்து தம்பின் போகும் சாலையில் இருக்கும் அந்தச் செம்பனை எண்ணெய்த் தோட்ட ஆபீசில், சூடு என்றால் என்ன, குளிர் என்றால் என்ன என்று அவரைக் கேட்டுத்தான் மற்றவர்கள் தெரிந்துகொள்ள வேண்டும். கேட்காதவர்களுக்கும் அவரே சொல்லிவிடுவார்.

"தேத்தண்ணி ஒரு தடவ ஆறிட்டா செத்த மாதிரி. மறுபடி சுட வச்சா பொணத்துக்குப் பவுடர் போட்ட மாதிரி. ஊத்துன சூடு கடைசி வாய் வரைக்கும் நிக்கணும். அதுக்கெல்லாம் ஒரு நாக்கு வேணும் லா."

அந்த நாக்கு அவர் ஒருவருக்குத்தான் வாய்த்திருந்தது.

இசபெல் அதே ஆபீசில் சின்னக் கிராணியாகச் சேர்ந்தவள். அவளுடைய அம்மா சவரியம்மா, ஆபீசுக்கு எதிரே பாதை தாண்டினால் இருக்கும் கேண்டினை நடத்திவந்தாள். தினமும் பத்து மணிக்குத் தட்டில் தேநீர் எடுத்துக்கொண்டு வருவாள். இஞ்சியும் கொஞ்சம் சோம்பும் தட்டிப் போட்ட தேநீர். லாரி எடை பார்க்கும் திருச்செல்வம் அந்த வாசனைக்கே நாற்காலியிலிருந்து எழுந்துவிடுவான். எல்லோரும் எடுத்துக்கொள்வார்கள். பெரிய கிராணியின் மேசைக்கு வரும்போது மட்டும் அவர் கணினியை விட்டுக் கண் எடுக்காமல் கையை ஆட்டுவார்.

"ஆறியிருக்கும்மா. எனக்குச் சூடு பத்தாது. நீ எடுத்துட்டுப் போ."

சவரியம்மா அவரைவிட மூத்தவள். ஆனாலும் 'நீ'தான். அவளும் ஒரு முறைகூட முகம் சுளித்ததில்லை. தன் தேநீரில்தான் குறை என்று அவள் வெகுகாலம் நம்பினாள். அடுப்பிலிருந்து இறக்கியதும் ஓட்டமாக வருவாள். ஒரு மழைநாளில் அப்படி ஓடிவந்து ஆபீஸ் படியில் சறுக்கி, கொதிக்கக் கொதிக்க இருந்த தேநீர் மணிக்கட்டில் கொட்டி, தோல் உரிந்து, அந்தத் தழும்பு இன்னும் அங்கேயே இருக்கிறது. பெரிய கிராணி நாற்காலியில் இருந்தபடியே, "பாத்து வரக்கூடாதா?" என்று கேட்டாராம்.

இசபெலுக்குத் தன் முதல் சம்பளத்தில் எதை வாங்குவது என்று யோசிக்க வேண்டியிருக்கவில்லை. தம்பினுக்குப் போய், அழுத்தினால் ஊற்றும் பெரிய பிளாஸ்க் ஒன்றை அம்மாவுக்கு வாங்கி வந்தாள். ஒரே ஒரு நாள் அந்த மனிதர் தன் அம்மா போட்ட தேநீரைக் குடித்துவிட்டு "நல்லா இருக்கும்மா" என்று சொல்ல வேண்டும். அவளுக்கு வேண்டியது அவ்வளவுதான்.

மறுநாள் தேநீர் ஆவி பறக்க வந்தது. பெரிய கிராணி கோப்பையைத் தூரத்திலிருந்தே பார்த்தார்.

"பிளாஸ்க்ல வச்ச தேத்தண்ணியா? அதுல ஒரு வாட அடிக்கும்மா. எனக்கு ஒத்துக்காது."

சொல்லிவிட்டுத் தன் பிளாஸ்க்கைத் திறந்து ஊற்றிக்கொண்டார். "இது வீட்டுத் தேத்தண்ணி. என் சம்சாரம் கைப்பக்குவமே தனி," என்று ஒரு வாய் உறிஞ்சினார். இசபெல் விடவில்லை. சில நாள் கழித்துப் பிளாஸ்க் இல்லாமல், அடுப்பிலிருந்து நேரே, தானே கொண்டுவந்து வைத்தாள். இப்போது வெயில் அதிகமாம், டாக்டர் சூடாக எதுவும் வேண்டாம் என்றாராம். சரி என்று ஐஸ் போட்டுக் கொண்டுவந்தாள். கிளாஸ் வியர்த்துக் கணினிமேல் ஈரம் படுமாம். அவருடைய சொந்த டம்ளருக்குள் ஐஸ் கடகடவென்று உருண்டுகொண்டிருந்தது. அதற்கு மட்டும் வியர்க்காது போலிருக்கிறது. இந்த மனிதருக்குப் பிடித்த சூட்டைக் கண்டுபிடிக்க விஞ்ஞானிதான் வர வேண்டும் என்று இசபெல் நினைத்தாள். அப்போதும் அவளுக்கு விஷயம் உறைக்கவில்லை.

உறைத்தது ஒரு மாதக் கடைசியில். மின்சாரம் போய், கணினிகள் அணைந்து, காற்றாடி நின்று, ஆபீஸ் அவிந்துகொண்டிருந்தது. பெரிய கிராணியின் சிவப்பு விளக்கும் கண்ணை மூடிவிட்டது. பிளாஸ்க் காலி. கேண்டினில் அன்று பார்த்து கேஸ் தீர்ந்துபோனதால், சவரியம்மா தேநீருக்குப் பதில் டின்னில் அடைத்த சோயா பாலை எல்லோருக்கும் கொண்டுவந்தாள். வெயில் படும் அலமாரியில் கிடந்த டின்கள். தொட்டால் வெதுவெதுவென்று இருந்தன. பெரிய கிராணி தட்டிலிருந்து தானே ஒன்றை எடுத்தார். படக்கென்று திறந்தார். ஒரே மூச்சில் குடித்தார்.

"இன்னொண்ணு இருக்கா?" என்று கேட்டார்.

இசபெல் தன் கையில் இருந்த டின்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். சூடும் இல்லை, குளிரும் இல்லை, குளித்த தண்ணீர் மாதிரி இருக்கிறது. இதைக் குடிக்கிற நாக்கா அந்த நாக்கு? டின்னை அடைத்தது எங்கோ ஒரு தொழிற்சாலை. உள்ளே இருப்பதில் அம்மாவின் கை படவில்லை. அவ்வளவுதான் விஷயம். அந்த ஆபீசில் சாதி என்ற சொல்லைப் பெரிய கிராணி வாயில் எடுத்ததே இல்லை. ஒயர் வைத்து, விளக்கு வைத்து, மேசைமேல் வைத்திருந்தார். இவ்வளவு படித்து, இவ்வளவு நாள் பக்கத்தில் உட்கார்ந்தும் தனக்கு அது தெரியவில்லையே என்று அவளுக்குத் தன்மேலேயே எரிச்சல் வந்தது.

அன்று சாயங்காலம் கேண்டினில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்த அம்மாவிடம் கொட்டித் தீர்த்தாள். சவரியம்மா நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

"தெரியும் புள்ள. அவங்க தாத்தா காலத்துல நம்மாளுங்க வீட்டு வரிசையில கடைசி லயத்துல ஒதுங்கி இருந்தாங்க. லயத்த இடிச்சாச்சி. அவரு மனசுல இன்னும் இடிக்கல."

"தெரிஞ்சுமா தூக்கிட்டுப் போறீங்க? கை வெந்தப்பவும் தெரியுமா?"

"அப்ப தெரியாது. எல்லாருக்கும் குடுத்துட்டு அவருக்கு மட்டும் குடுக்கலன்னா அது என் கொறையாயிடும். அவரு வேணாம்னா அது அவரு கொற." சவரியம்மா கையைத் துடைத்துக்கொண்டாள். அவள் முகத்தில் மெல்லச் சிரிப்பு வந்தது. "ஆனா அவரு குடிக்கலன்னு யாரு சொன்னா?"

இசபெலுக்குப் புரியவில்லை.

"அவரு சம்சாரம் மோகனா, பாலர் பள்ளி டீச்சர், காலையில மோட்டார் சைக்கிள்ல போகுதில்ல? பின்பக்கமா வந்து அந்தப் பிளாஸ்க்ல நம்ம தேத்தண்ணிதான் ஊத்திட்டுப் போகுது. அது போட்டா எல்லாத்துக்கும் கொற சொல்லுவாராம். இத வாங்கிக் குடுத்த நாள்லேருந்து, இப்பதான் உனக்குக் கை வந்துச்சின்னு சொல்றாராம். அக்கா, ஒங்களுதுன்னு அவருக்குத் தெரிஞ்சா வீடு ரெண்டாயிடும்னு கையப் புடிச்சிக்கிச்சி. அப்பதான் எனக்கே வெளங்குச்சி, கொற சூட்டுல இல்லேன்னு."

இசபெல் சுவரில் சாய்ந்து சிரித்தாள். சிரிப்பு அடங்கியதும் நாளைக்கே ஆபீஸ் நடுவில் நின்று சொல்லப்போவதாகச் சொன்னாள். சவரியம்மா விரலை நீட்டினாள்.

"வாயத் தொறக்கக் கூடாது. அந்தப் பொண்ணு பாவம். நான் வாக்குக் குடுத்திருக்கேன்."

வாக்கு கொடுத்தது அம்மா, வாயைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டியது மகள். தினமும் பிளாஸ்க் திறக்கும். தினமும் அந்த இஞ்சி வாசனை வரும். தினமும் "வீட்டுத் தேத்தண்ணி" புராணம் நடக்கும். அது முடிகிற சமயத்தில் அம்மா தட்டோடு வருவாள். "ஆறியிருக்கும்மா" என்று அவர் கையை ஆட்டுவார். இசபெல் கணினித் திரையை முறைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள்.

ஜூலை மாதம் புக்கிட் மெர்த்தாஜம் செயின்ட் ஆன் திருவிழா வந்தது. சவரியம்மா கேண்டினைப் பூட்டிவிட்டு மாதா கோயில் ஆட்களோடு பஸ் ஏறினாள். திங்கட்கிழமைதான் வருவாள்.

முதல் நாள் பெரிய கிராணி பிளாஸ்க்கைத் திறந்து ஊற்றினார். ஒரு வாய் குடித்தார். நிறுத்தினார். கோப்பையைச் சூடுதட்டில் வைத்தார், விளக்கைப் பார்த்தார், மறுபடி குடித்தார்.

"இந்தத் தட்டு சரியில்ல," என்றார்.

ஒயரைக் கழற்றி வேறு துளையில் செருகினார். கணினியிலிருந்து கரண்டு ஒழுங்காக வரவில்லை என்று கணினி பழுதுபார்க்கும் பையனுக்குப் போன் போட்டார். அடுத்த நாள் பிளாஸ்க் மூடியின் ரப்பர் வளையத்தைக் கழற்றி முகர்ந்து பார்த்தார். அதற்கும் அடுத்த நாள் சிரம்பானில் வாங்கிய புது பிளாஸ்க் மேசையில் ஏறியது. அதிலும் ஊற்றிக் குடித்துவிட்டு, "இப்பல்லாம் ஒண்ணும் ஒழுங்கா செய்யறதில்ல. தேத்தண்ணி ருசியவே கெடுத்துடுது," என்று உலகத்துத் தொழிற்சாலைகளை எல்லாம் திட்டினார். திருச்செல்வம் அனுதாபமாகத் தலையை ஆட்டினான். இசபெல் உதட்டைக் கடித்துக்கொண்டு லாரி எண்களைத் தட்டினாள். ஒன்றுகூடச் சரியாக விழவில்லை.

வெள்ளிக்கிழமை பத்து மணிக்கு வாசலில் மோட்டார் வந்து நின்றது. மோகனா பாலர் பள்ளிச் சீருடையிலேயே உள்ளே வந்தாள். கையில் பழைய பிளாஸ்க். கண்ணைப் பார்த்தால் ராத்திரி தூங்கியதாகத் தெரியவில்லை. அதைக் கணினிக்கு முன்னால் டொக்கென்று வைத்தாள்.

"பிளாஸ்க் மேல தப்பில்ல, தட்டு மேல தப்பில்ல. நேத்து ராத்திரி இந்தத் தேத்தண்ணிக்காக என்னைய எவ்ளோ பேச்சு பேசுனீங்க? இவ்ளோ நாளா நீங்க குடிச்சது சவரியம்மா அக்கா தேத்தண்ணி. அவங்க கோயிலுக்குப் போயிருக்காங்க. இது நான் போட்டது. என்னால இப்பிடித்தான் போட முடியும்."

பெரிய கிராணி சூடுதட்டின் ஒயரைப் பிடுங்கி மறுபடி செருகினார்.

"இனிமே பிளாஸ்க் வராது," என்றாள் மோகனா. "வேணும்னா எதிர்க்கதான் கேண்டின் இருக்கு. நடந்து போய்க் குடிங்க." இசபெலைப் பார்த்து, "அம்மாகிட்ட நானே சொல்லிக்கிறேன்மா," என்றுவிட்டுப் போய்விட்டாள்.

திருச்செல்வம் இருமுவது போல ஏதோ செய்துகொண்டு வெளியே ஓடினான். குடித்ததை எல்லாம் இனி எந்த வழியாக வெளியே எடுப்பார் என்று இசபெல் கணக்குப் போட்டுப் பார்த்தாள். வழி ஒன்றும் இருப்பதாகத் தெரியவில்லை.

திங்கட்கிழமை சவரியம்மா வந்தாள். பத்து மணிக்கு வழக்கம்போலத் தட்டு வந்தது. பெரிய கிராணியின் மேசையில் பிளாஸ்க் இல்லை. சூடுதட்டில் வெறும் விளக்கு எரிந்தது. காலையிலிருந்து கொட்டாவி விட்டுக்கொண்டிருந்த மனிதர் இஞ்சி வாசனை வந்ததும் நிமிர்ந்து உட்கார்ந்தார். எல்லோரும் பார்க்கிறார்கள் என்று அவருக்குத் தெரியும். பெருந்தன்மையாக ஒரு கோப்பையை வாங்கிக் குடித்துவிட்டால் பழையதெல்லாம் நடக்கவே இல்லை என்று ஆகிவிடும் என நினைத்திருப்பார் போல.

"கொண்டா சவரியம்மா, குடிச்சிப் பாப்போம்," என்று கையை நீட்டினார்.

சவரியம்மா நின்றாள். தட்டில் இருந்த கோப்பையை ஒரு முறை பார்த்தாள். அதிலிருந்து ஆவி நன்றாகவே எழுந்துகொண்டிருந்தது.

"ஆறிப்போச்சி சார்," என்றாள். "உங்களுக்குச் சூடு பத்தாது."

நீட்டிய கையைத் தாண்டி நடந்துவந்து, அந்தக் கோப்பையை மகளின் கணினிக்குப் பக்கத்தில் வைத்தாள். இசபெல் எடுத்து ஒரு வாய் குடித்தாள். நாக்கு சுட்டது.