டி டிரைவில் இருந்த படம்

ஃப்ரீசர் பெட்டியின் ஒயரைச் சுவர் பிளக்கில் சொருகி, பச்சை விளக்கு எரிகிறதா என்று குனிந்து பார்த்துவிட்டு நிமிர்ந்த கலையரசன், மனைவியின் தங்கை எழில்மதியைத் தேடிக் கூப்பிட்டான்.

"எழிலு, மாமா போட்டோ ஒன்னு அனுப்பு. பேனர் கடைக்காரன் பன்னெண்டு மணிக்குள்ள வேணுங்கறான். உன் லேப்டாப்புல நல்லது கீதுன்னு உங்க அக்கா சொல்லுச்சி."

"அனுப்பறேன் மாமா."

அனுப்ப எதுவும் இல்லை என்பது அந்த வீட்டில் அவளுக்கு மட்டும்தான் தெரியும்.

இருசப்பன் விடியற்காலை ஐந்து மணிக்குப் போயிருந்தார். வயது ஐம்பத்தேழு. இருபத்தைந்து வருடம் மூங்கில்துறைப்பட்டு ஆலைக்குக் கரும்பு டிராக்டர் ஓட்டியவர். மார்ச் மாதம் புதுச்சேரி ஆஸ்பத்திரியில் அவரை வெளியே பெஞ்சில் உட்காரவைத்துவிட்டு, டாக்டர் எழில்மதியையும் அவள் அம்மா தைலம்மாளையும் மட்டும் உள்ளே கூப்பிட்டுச் சொன்னார். இரைப்பையில் தொடங்கியது கல்லீரல் வரை போய்விட்டது என்றார். வெளியே வந்து, "வயித்துப் புண்ணாம், மாத்திரை சாப்ட்டா ஆறிடுமாம்" என்று இருவரும் ஒரே குரலில் சொன்னார்கள். அன்றிலிருந்து நான்கு மாதம் அந்த ஒரு பொய்யை வீடே சேர்ந்து காப்பாற்றியது.

துக்கம் கேட்க வந்த ஒவ்வொருவரிடமும் தைலம்மாள் அதையே சொல்லி அழுதாள். "கடைசி வரைக்கும் தெரியாமயே போய்ட்டாரு. பயப்படாம போய்ட்டாரு. அது ஒன்னுதான்."

எழில்மதியின் லேப்டாப், பன்னிரண்டாம் வகுப்பில் அரசாங்கம் கொடுத்தது. அதில் விண்டோசும் இருந்தது, லினக்சும் இருந்தது. இரண்டாவது எதற்கென்று யாரும் சொல்லித் தராததால், இடம் அடைக்கிறதென்று வகுப்பில் எல்லோரும் முதல் வாரமே அதை அழித்துவிட்டார்கள், அவளும்தான். ஆறு வருடத்தில், லேப்டாப்பைத் திறந்துவிட்டு உலை வைத்தால், சோறு வடித்த பிறகுதான் திரை வரும் என்ற நிலைக்கு வந்துவிட்டது. சென்னைக் கம்பெனி ஒன்று பேட்டிகளைக் கேட்டுத் தட்டச்சு செய்யும் வேலையை அவளுக்குக் கொடுத்த சமயம் அது.

கள்ளக்குறிச்சியில் கம்ப்யூட்டர் பழுது பார்க்கும் சர்புதீன் பாய்தான் லினக்ஸ் மின்ட் ஏற்றிய பென்டிரைவைக் கொடுத்தார். "காசு கெடையாது, வைரசும் கெடையாது. டைப் அடிக்க லிப்ரே ஆபீஸ், நெட்டுக்கு ஃபயர்பாக்ஸ், எல்லாம் அதுலயே வந்துடும். மொதல்ல பென்டிரைவ்லயே ஓட்டிப் பாரு. புடிச்சா மட்டும் உள்ள ஏத்து. ஏத்தறதுக்கு முன்ன கீறதெல்லாம் வேற எடத்துல எடுத்து வச்சிக்க."

எடுத்து வைத்தாள். சி டிரைவில் இருந்த எல்லாவற்றையும் டி டிரைவுக்கு மாற்றினாள். சி-யை அழித்தாலும் டி-க்கு ஒன்றும் ஆகாது. காலேஜில் எல்லோருக்கும் தெரிந்த விஷயம் அது.

போன செவ்வாய்க்கிழமை மதியம், அப்பாவின் கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்துதான் ஏற்றினாள். டிஸ்கை அழித்துவிட்டு நிறுவவா என்று திரை கேட்டது. ஆமாம் என்று அழுத்தினாள். இருசப்பன் தலையைத் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இன்னாம்மா பண்ற?"

"பழச அழிச்சிட்டு புதுசு போட்றம்பா."

"உள்ள கீறதெல்லாம் பூடுமா?" என்று கேட்டார்.

"ஒன்னும் போவாதுப்பா. டி-ல பத்திரமா கீது."

புதிய திரை அரை நிமிடத்தில் வந்தது. சாயங்காலம் டி-யைத் தேடினாள். டி என்று எதுவுமே இல்லை.

அவள் பழைய போன் தண்ணீரில் விழுந்தபோது காப்பாற்றிய படங்கள் எல்லாம் அங்கேதான் இருந்தன. கல்யாண ஆல்பம் போன வருட மழையில் ஒட்டிப் போய்விட்டது. ஆதார் அட்டையை எடுத்துப் பார்த்த கலையரசன், "இத்த போட்டா மாமாவே வந்து யார்ரா இவன்னு கேப்பாரு" என்று திருப்பிக் கொடுத்தான். நோயில் எடுத்த படம் வேண்டாம் என்று தைலம்மாள் சொல்லிவிட்டாள். "அந்த மூஞ்சிய ஊரு பாக்கக் கூடாது."

எழில்மதி கொல்லைப்பக்கம் போய் போன் செய்தாள்.

"பாய், அப்பா போயிட்டாரு."

மறுமுனையில் சர்புதீன் மெல்ல ஏதோ ஓதிவிட்டு, "எப்பம்மா?" என்றார்.

சொன்னாள். பிறகு டி-யைப் பற்றியும் சொன்னாள். அப்போதுதான் அவளுக்கு அழுகை வந்தது.

"டி-ன்னு ஒன்னு தனியா கெடையாதும்மா. ஒரே வூட்ல நடுவுல தட்டி கட்டி மறைச்ச மாதிரி. நீ வூட்டையே இடிச்சிட்ட. ஆனா இடிச்ச எடத்துல எல்லாமே ஒடனே போயிடாது. புதுசு எங்க ஒக்காந்துச்சோ அங்கதான் போயிருக்கும். இனிமே அந்த டிஸ்குல ஒரு எழுத்து எழுதக் கூடாது. நான் குடுத்த பென்டிரைவ்லயே ஆன் பண்ணு. அழிஞ்ச படத்த மீட்டுக் குடுக்க ஃபோட்டோரெக்னு ஒன்னு கீது, எறக்கு. கெடைக்கற படத்தெல்லாம் போட இன்னொரு பென்டிரைவ் வேணும், இருக்கா?"

இருந்தது. டிராக்டர் ஸ்டீரியோவில் போட அப்பா வைத்திருந்த பாட்டுப் பென்டிரைவ், சாவிக்கொத்தோடு ஆணியில் தொங்கியது.

வீட்டில் இருந்த பிளக் இரண்டு. ஒன்றில் ஃபேன். இன்னொன்றில் ஃப்ரீசர் பெட்டி. பந்தல்காரர் வைத்துவிட்டுப் போன எக்ஸ்டென்ஷன் பெட்டியை அதில் மாட்டி, ஃப்ரீசரோடு சேர்த்து லேப்டாப்பையும் சொருகினாள். ஒயர் எட்டவில்லை. அப்பாவின் தலைமாட்டில்தான் உட்கார வேண்டியிருந்தது.

அப்பாவின் அக்கா சின்னப்பொண்ணு, மாரில் அடித்துக்கொண்டிருந்த கையை நிறுத்திவிட்டுப் பார்த்தாள்.

"அப்பன் இங்க கெடக்கறான், இது இன்னாத்தயோ தட்டிகினு கீது பாரு. இன்னாடி, ஆபீசுல லீவு தரலயா?"

"போட்டோ தேட்றன் அத்த."

"தேடு தேடு. செத்தவன் எங்கயும் எழுந்து ஓட மாட்டான்."

சில பெண்கள் முந்தானையால் வாயை மூடிக்கொண்டார்கள். எழில்மதி ஃபோட்டோரெக்கை ஓடவிட்டாள்.

மீண்டு வந்த எதற்கும் பெயர் இல்லை. வெறும் எண்கள். மாட்டுத் தீவன விளம்பரம், பாடப்புத்தகப் பக்கங்கள், தோழிகளின் செல்ஃபி, அக்கா ரம்யாவின் கூரைப்புடவை மட்டும் நாற்பது தடவை. ஒவ்வொன்றாகத் திறந்து மூடினாள். வாசலில் ஆலை டிரைவர்கள் பேனரில் யார் பெயர் மேலே வருவது என்று தகராறு செய்துகொண்டிருந்தார்கள். "நீ டயர் மாத்தவே அவர கூப்புட்டவன், உம்பேரு கீழதான்" என்று ஒருவன் சொன்னது கேட்டது.

பத்தே முக்காலுக்கு, பட்டமளிப்பு நாளில் அப்பாவோடு எடுத்த படம் வந்தது. எல்லோரும் கேட்டது அதைத்தான். காலேஜ் கட்டிடத்தின் உச்சி, வேப்பமரம், அவளுடைய கறுப்புத் தொப்பியின் நுனி. அதற்குக் கீழே முழுக்கச் சாம்பல் நிறம். புதியது அங்கேதான் உட்கார்ந்திருந்தது.

லேப்டாப்பை மூடி, அம்மாவிடம் போய்ச் சொல்லிவிடலாம் என்று கையை வைத்தாள். கை ஒரு பொத்தானில் பட்டு அடுத்த படம் வந்தது.

தகரக் கூரையும் ஒரு நெற்றியும். அதற்கடுத்ததில் ஒரு கண், மிகப் பெரியதாக. பிறகு காதும் தோளும். அதற்கும் அடுத்ததில் அப்பா.

லேப்டாப்பின் சொந்தக் கேமராவில் எடுத்தவை. எப்போதோ ஒரு முறை இதை அழுத்தினால் படம் பிடிக்கும் என்று அவருக்குக் காட்டியிருந்தாள். மொத்தம் பதினான்கு படம். நான்காவதிலும் ஐந்தாவதிலும் பனியனும் நான்கு நாள் தாடியும். ஆறாவதில் முகம் மழித்திருந்தது. எட்டாவதில் சட்டை மாறியது. ரம்யா கல்யாணத்துக்கு எடுத்த வெள்ளைச் சட்டை. பத்தாவதில் பின்னால் இருந்த செங்கல் சுவரைக் காணவில்லை. இரண்டு ஆணியில் கட்டிலின் நீலப் போர்வையைக் கட்டித் தொங்கவிட்டிருந்தார். அதற்கப்புறம் எடுத்தவை எல்லாம் ஒன்றுபோல இருந்தன. கழுத்துப் பொத்தான் வரை போட்டு, நேராக உட்கார்ந்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு.

படத்தின் மேல் வைத்து வலது பொத்தானை அழுத்தினாள். எடுத்த நாள், மார்ச் நான்கு. காலை பதினொன்று இருபது. புதுச்சேரியிலிருந்து திரும்பி வந்த மூன்றாம் நாள். அன்றைக்கு அம்மா நூறு நாள் வேலைக்குப் போயிருந்தாள். எழில்மதி பரீட்சை எழுதக் கள்ளக்குறிச்சிக்குப் போயிருந்தாள்.

ஃப்ரீசர் பெட்டியின் கண்ணாடிக்குள் இருந்த அப்பாவின் முகத்தை ஒரு முறை பார்த்தாள். வியர்த்திருந்த கண்ணாடியை உள்ளங்கையால் துடைத்துவிட்டு, பதினான்காவது படத்தைக் கலையரசனுக்கு அனுப்பினாள்.

"சூப்பரா கீது" என்று அவன் பந்தலிலிருந்தே சொன்னான். "ஸ்டுடியோல எடுத்ததா? பேக்ரவுண்டு கூட மாத்த வேணாம் போல."

தைலம்மாளிடம் போனைக் கொண்டுபோய்க் காட்டினான். அவள் வெகுநேரம் கையில் வைத்திருந்தாள்.

"எப்ப எடுத்தது இது?"

"மார்ச்சுலம்மா," என்றாள் எழில்மதி. "நான்தான் எடுத்தேன்."

"நல்லா தெம்பாத்தான் கீறாரு." தைலம்மாள் திரையைக் கட்டைவிரலால் தடவினாள். "அப்ப ஒன்னுமே தெரியாது அவருக்கு. இல்ல?"

"தெரியாதும்மா."

மீதிப் பதின்மூன்று படங்களும் பாட்டுப் பென்டிரைவிலேயே இருந்தன. அதைப் பிடுங்கி ரவிக்கைக்குள் வைத்துக்கொண்டு லேப்டாப்பை மூடினாள். ஃப்ரீசரின் பச்சை விளக்கு எரிந்தது.

மூன்றரைக்குப் பேனர் வந்தது. டிரைவர்கள் தெருமுனைக் கம்பத்தில் ஏறிக் கட்டினார்கள். நான்கு மணிக்கு மேளம் கிளம்பி, பெண்கள் தெருமுனை வரை வந்து நின்றார்கள். மலைப்பக்கம் மேகம் இறங்கியிருந்தது. பேனரில் இருசப்பன் யாரையும் பார்க்கவில்லை. கேமராவைப் பார்க்கத் தெரியாமல் திரையைப் பார்த்திருந்ததால், கண்கள் நிற்பவர்களுக்கு ஒரு சாண் கீழே, தன் முகம் சரியாக வந்திருக்கிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தன.