பாலத்தில் தாலாட்டு வேண்டாம்

மூன்றாம் மாடி வீட்டு வாஷிங் மெஷினின் வயிற்றுக்குள் முழங்கை வரை கையை விட்டுத் துழாவிக்கொண்டிருந்தபோது மெக்கானிக்கின் சட்டைப் பையில் போன் இரண்டு தடவை அதிர்ந்தது. எடுக்கிற நிலையில் அவன் இல்லை. விரல் நுனியில் ஏதோ வழுக்கியது. பிடித்து இழுத்தால், தண்ணீர் போகவிடாமல் அடைத்துக்கொண்டிருந்தது ஒரு குழந்தையின் ஒற்றைச் சாக்ஸ். வீட்டுக்காரம்மா அதை வாங்கிப் பிழிந்து, ஆறு மாதமாகத் தேடிய சாக்ஸ் இதுதான் என்று சொல்லிவிட்டு, ஜோடியைத் தேட உள்ளே போனாள். மெக்கானிக் மெஷினை ஓடவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டு கேட்டான். பேரிங் பிரமாதம், பெல்ட் நாலு மாதம் தாங்கும், அதற்கு மேல் தாங்காது. ஸ்க்ரூ டிரைவரைத் தொடாமல் காதை வைத்தே நோயைச் சொல்லிவிடுகிற ஆள் அவன். அதில் அவனுக்குக் கர்வம் கிடையாது என்று சொன்னால் சொல்கிற வாய் வெந்துவிடும்.

கையைத் துடைத்துக்கொண்டு படியிறங்கும்போதுதான் போனைப் பார்த்தான். அவனுடைய பிளாக்கில் ஒரு பின்னூட்டம் வந்திருந்தது. "கொடிக்கயிறு ஆல்பம் மரப்பெட்டியில் தட்டும் பாட்டோடு தொடங்கிச் சிரிப்பில் முடிவதாக எழுதியிருக்கிறீர்கள். என்னிடம் இருக்கும் கொடிக்கயிறு படகுப் பாட்டில் தொடங்குகிறது. இரண்டாவது தாலாட்டு. சிரிப்பு ஆறாவது பாட்டிலேயே வந்து போய்விடுகிறது. நீங்கள் கேட்டது எந்த ஆல்பம் ஐயா?" கீழே பெயர்: தராசு. அந்த 'ஐயா'வில் இருந்த மரியாதையைப் பார்த்ததும் மெக்கானிக்குக் காது சூடேறிவிட்டது.

விஷயம் இதுதான். பதினோரு வருடமாக, ஒவ்வொரு வருடக் கடைசியிலும், அந்த வருடம் வந்த இண்டி, ஃபோக் ஆல்பங்களில் தனக்குப் பிடித்த பத்தை வரிசைப்படுத்தி மெக்கானிக் தன் பிளாக்கில் போடுவான். படிக்கிறவர்கள் முந்நூறு பேர் இருப்பார்கள். ஊரே திரண்டு வருகிற கூட்டம் இல்லை. ஆனால் வருகிற முந்நூறும் ஆளை உரித்துவிடுகிற ரகம். பட்டியலில் ஏறுவது அவ்வளவு லேசும் இல்லை. லிப்டுக்குள் கிட்டாரோடு உட்கார்ந்து முழு ஆல்பத்தையும் பதிவு செய்த ஒருவனுக்கு இந்த வருடம் ஏழாம் இடம். கதவு திறக்கிற மணிச் சத்தம் சுருதியோடு சேர்ந்த ஒரே காரணத்துக்காக. உறவே இல்லாத மூன்று பேர் 'மூன்று சித்தப்பாக்கள்' என்று பெயர் வைத்துக்கொண்டு அக்கார்டியனை அழவைத்ததற்கு மூன்றாம் இடம். உப்பளத்தில் வேலை செய்கிற பெண்களின் பாட்டை, இடையில் அவர்கள் இருமுவதைக்கூட வெட்டாமல் வெளியிட்ட ஆல்பத்துக்கு இரண்டு. முதலிடம், மரங்கொத்தி என்ற பெயரில் ஒரு மரப்பெட்டியைத் தட்டிக்கொண்டு தனியாகப் பாடுகிற பெண்ணின் கொடிக்கயிறு. ஒன்பது பாட்டு, நாற்பத்திரண்டு நிமிடம்.

அந்த முதலிடத்துக்கு அவன் எழுதிய பத்தி பாட்டைப் பற்றியதே இல்லை. பாட்டுகளின் வரிசையைப் பற்றியது. வரிசை அவனுக்கு மதம் மாதிரி. பிளாக்கின் நெற்றியிலேயே எழுதி வைத்திருந்தான்: 'முப்பது முறை கேட்காமல் இங்கே எந்த ஆல்பமும் ஏறாது. வரிசை மாற்றிக் கேட்பவன் இசை கேட்பவன் அல்ல.' போன வருடம் இதே தராசு, ஒரு ஆல்பத்தில் வருகிற மழைச் சத்தத்தைக் கைதட்டல் என்று எழுதிவிட்டார். அடேயப்பா, ஒரு வாரம் மெக்கானிக் அவரை விடவில்லை. "குடை எடுத்துக்கொண்டு கச்சேரிக்குப் போங்கள்" என்றெல்லாம் எழுதினான். தன் வினை தன்னைச் சுடும் என்பார்கள். ஒரு வருடம் கழித்து வந்து சுட்டது.

வேனில் உட்கார்ந்து போனில் ஆல்பத்தின் பாட்டுப் பட்டியலைத் திறந்தான். அதுவரை அவன் அதைப் பார்த்ததே கிடையாது. பெயரைப் பார்த்துப் பாட்டுக் கேட்கக் கூடாது என்பது அவனுடைய இன்னொரு கொள்கை. பணம் கட்டி வாங்குவான், அதோடு சரி. தராசு சொன்னது அத்தனையும் உண்மை. படகு, தாலாட்டு, அப்புறம் மெதுவாக இன்னொன்று. மரப்பெட்டிப் பாட்டு எட்டாவது இடத்தில் கிடந்தது. தான் பாட்டுக் கேட்கிற வேன் பிளேயரின் கோளாறாக இருக்கலாம் என்று, நோயாளியைச் சோதிப்பது போலப் பென் டிரைவில் இருந்த மற்ற ஒன்பது ஆல்பங்களையும் ஒவ்வொன்றாக ஓட்டிப் பார்த்தான். எல்லாம் கிளாஸ் பிள்ளைகள் மாதிரி வரிசையாக நின்றன. கொடிக்கயிறு மட்டும்தான் கலைந்திருந்தது. ஆக, பிளேயர் மேல் பழி போட வழியில்லை.

பென் டிரைவில் பாட்டு ஏற்றுவது அவன் மனைவி. பாலர் பள்ளியில் டீச்சர். மூன்று வயதுக் குழந்தைகள் இருபத்திரண்டு பேரைச் சமாளிக்கிறவள். ஒரு தடவை மெக்கானிக் தன் கட்டைவிரலால் எதையோ அழுத்தி இரண்டு வருடப் பாட்டை ஒரே நொடியில் அழித்ததிலிருந்து கம்ப்யூட்டர் பொறுப்பு அவளுடையது. அவனுடைய இசையைப் பற்றி அவளுக்கு இருந்த அபிப்பிராயம் வீடறிந்த விஷயம். முனகல் என்பாள். "இன்னைக்கு என்ன முனகல் வந்திருக்கு?" என்று கேட்டுத்தான் பென் டிரைவைக் கையில் வாங்குவாள். முனகல் என்று சொல்கிறவள்தான் அசிரத்தையாக எதையோ தட்டி வரிசையைக் குழப்பிவிட்டாள், பதினோரு வருட மானம் கப்பலேறிவிட்டது என்று மெக்கானிக் முடிவு கட்டினான். மீதி இரண்டு வீட்டு வேலையும் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டே நடந்தது.

வீட்டுக்கு வந்தபோது டீச்சர் சாப்பாட்டு மேசை பூராவும் வண்ணக் காகிதத்தைப் பரப்பி, நாளைய வகுப்புக்கு மீன் வெட்டிக்கொண்டிருந்தாள். இருபத்திரண்டு மீன், ஒரே அளவில். மெக்கானிக் கருவிப் பையைக்கூட இறக்காமல் ஆரம்பித்துவிட்டான். தராசு, முந்நூறு பேர், மழை, குடை என்று எல்லாம் வந்தது. நடுவே, ஒரே ஒரு வேலை கொடுத்தால் அதையும் உருப்படியாகச் செய்ய ஆளில்லை என்கிற அர்த்தத்தில் ஒரு வாக்கியமும் வந்து விழுந்தது. டீச்சர் வெட்டிக்கொண்டிருந்த மீனின் வாலை முடித்துவிட்டுக் கத்தரிக்கோலைக் கீழே வைத்தாள்.

"அது மாறிப் போகலங்க. நான்தான் மாத்தினேன்."

மெக்கானிக் அப்போதுதான் கருவிப் பையைக் கீழே இறக்கினான். எதற்கு என்று கேட்பதற்குள் அவளே கேட்டாள்: "மார்ச் மாசம் பாலத்துல பஸ்ல இடிச்சீங்களே, நெனவிருக்கா?"

நினைவிருந்தது. முன் பம்பர் நசுங்கியது; முன்னால் நின்ற பஸ்தான் பின்பக்கமாக நகர்ந்து வந்து இடித்தது என்று வீட்டில் சொல்லி வைத்திருந்தான்.

"பாலத்துல எந்த பஸ்ஸுங்க ரிவர்ஸ்ல வரும்?" என்றாள் டீச்சர். "சாப்பிட்டுட்டு வண்டியில உக்காந்தா உங்களுக்குக் கண்ணு சொருகும். எனக்குத் தெரியாதா? எங்கிட்ட அந்த மாதிரி இருபத்திரண்டு இருக்கு."

பிறகு அவள் சொன்னதெல்லாம் கோர்வையாக, பாடம் நடத்துகிற குரலில் வந்தது. காலையில் கம்பெனியிலிருந்து போன் வந்துகொண்டே இருக்குமாதலால் அவன் பாட்டுப் போடுவது மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகுதான். சாப்பிட்ட கையோடு பாலம் ஏறி ஆற்றுக்கு அந்தப் பக்கம் போக வேண்டும். அந்த ஆல்பத்தை ஏற்றும்போது தற்செயலாக முதல் பாட்டைக் கேட்டிருக்கிறாள். ஆள் மூச்சு விடுகிற மாதிரி ஒரு படகுப் பாட்டு, அடுத்தது தாலாட்டு. பாலத்தில் தாலாட்டா என்று பதறிப் போய், ஒன்பதையும் உட்கார்ந்து கேட்டாள். ஒரு தடவை இல்லை, நாலு தடவை. தூக்கம் வருகிற இடத்துக்கு மரப்பெட்டியைத் தூக்கி முதலில் போட்டாள். பின்னாலேயே வேகமாக இரண்டு. வீடு வீடாகப் போகிற நேரத்துக்கு நடுவாந்தரமாக மூன்று. சாயங்காலம் திரும்பும்போது அந்தப் பெரிய சிக்னலில் வண்டிகள் நகராமல் நிற்கும். அவன் ஹாரன் அடித்துக்கொண்டு கண்டவர்களையும் திட்டுவான். அந்த இடத்துக்குத் தாலாட்டு. அதன் பின்னால் படகு. கடைசியாக, பாடகி பாதியில் வரியை மறந்துவிட்டுச் சிரித்துவிடுகிற பாட்டு. அது எதற்கு என்று மெக்கானிக் கேட்டான்.

"வீட்டுக்கு வரும்போது மூஞ்சி நல்லா இருக்கட்டும்னுதான்" என்றாள்.

அப்படியென்றால் மற்ற ஆல்பங்களை ஏன் விட்டுவைத்தாள் என்று கேட்டதற்கு, அதெல்லாம் தூங்கவைக்காது, எரிச்சல்தான் மூட்டும், அதனால் ஆபத்தில்லை என்றாள். முன்பே சொல்லியிருக்கலாமே என்றதற்கு, பிளாக்கின் நெற்றியில் பலகை மாட்டி வைத்திருக்கிறவரிடம் யார் போய்ச் சொல்வது என்றாள். அவள் பிளாக்கைப் படிக்கிறாள் என்பதே மெக்கானிக்குப் புதுச் செய்தி. முந்நூறில் ஒன்று வீட்டுக்குள்ளேயே இருந்திருக்கிறது.

அவன் நாற்காலியில் உட்கார்ந்தான். போனில் தன் பத்தியைத் திறந்து மறுபடி படித்தான். 'இந்தப் பெண் என்னை ஒருநாளும் பார்த்ததில்லை. ஆனால் உண்ட மயக்கத்தில் ஸ்டியரிங் பிடிக்கிறவனை எப்போது தட்டி எழுப்ப வேண்டும், அவன் எப்போது எரிந்து விழுவான், அவனை எந்த முகத்தோடு வீட்டுக்கு அனுப்ப வேண்டும் என்று அவளுக்குத் தெரிந்திருக்கிறது. வேலைக்குப் போய்த் திரும்புகிறவனின் ஒரு நாளை இவ்வளவு அக்கறையாக யாரும் அடுக்கியதில்லை. எங்கிருந்தாலும் அவள் நன்றாக இருக்க வேண்டும்.' வாஷிங் மெஷின் பெல்ட்டின் ஆயுளைச் சத்தத்தை வைத்துச் சொல்கிறவனுக்கு, ஒன்பது மாதமாகத் தினமும் தன் காதுக்குள் பேசிக்கொண்டிருந்தது யாரென்று தெரியவில்லை.

"இதைப் படிச்சப்ப என்ன நெனச்சே?" என்று கேட்டான்.

டீச்சர் அடுத்த மீனை எடுத்தாள். "என்ன நெனைக்கிறது? மறுபடி ஒரு தடவை படிச்சேன்." கொஞ்சம் வெட்டியபின் சொன்னாள்: "யாரோ ஒருத்திய வாழ்த்தினீங்க. அது நான்தான்னு எனக்குத் தெரியும்ல. அது போதும்னு இருந்துச்சு."

அவளுக்குப் போதும், அவனுக்குப் போதவில்லை. முழு ஆல்பத்தையும் சரியான வரிசையில் அப்போதே போட்டுக் கேட்டான். மேசைக்கு எதிரில் உட்கார்ந்து, அவள் வெட்டுவதை அடுக்கி வைத்தபடி. நல்ல ஆல்பம்தான், சந்தேகமில்லை. மனசாட்சியைத் தொட்டுச் சொன்னால் நான்காம் இடம். பத்தியைச் சத்தமில்லாமல் தூக்கிவிட்டு வேறு எழுதலாம். தராசின் பின்னூட்டத்தை அழித்துவிடலாம். முந்நூறு பேரில் இருநூற்றைம்பது பேர் கவனித்திருக்கக்கூட மாட்டார்கள். அப்படி ஒரு யோசனை வரத்தான் செய்தது. மறுநாள் காலை வேலைக்குக் கிளம்புவதற்கு முன்னால் அவன் போட்ட திருத்தம் இதுதான்: 'தராசு சொன்னது சரி. முதலிடத்தில் இருக்கும் ஆல்பத்தை நான் வரிசை மாற்றித்தான் கேட்டிருக்கிறேன். நான் கேட்ட அந்த ஆல்பத்தை இரண்டு பேர் செய்திருக்கிறார்கள். ஒருவர் பாடினார். இன்னொருவர் என் மனைவி. பாடியதற்கு நான்காம் இடம், அடுக்கியதற்கு முதலிடம். மேலே இருந்த இரண்டாவது விதியை எடுத்துவிட்டேன். மழை விஷயத்தில் தராசிடம் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன்.' பஸ் ரிவர்ஸில் வந்ததாகத் தான் விட்ட கதையையும் எழுதிவிட்டான். கெட்டது கெட்டாயிற்று, ஒரேயடியாகப் போகட்டும் என்று.

தராசு அரைமணியில் பதில் எழுதினார்: "மன்னிப்பு ஏற்கப்பட்டது. உங்கள் பட்டியலில் இதுவரை நான் ஒப்புக்கொள்ளும் ஒரே முதலிடம்." அன்று மாலை இன்னொரு கடிதம் வந்தது. எழுதியது மரங்கொத்தி. நான்காம் இடத்துக்கு நன்றி சொல்லியிருந்தாள். ஒன்பது பாட்டை அடுக்க இரண்டு மாதம் மண்டையை உடைத்துக்கொண்டதாகவும், கச்சேரியில் பாதிப் பேர் தாலாட்டிலேயே கொட்டாவி விடுவதாகவும், அந்த அம்மாவின் வரிசையை முழுதாக அனுப்பினால் அடுத்த கச்சேரியில் அப்படியே பாடிப் பார்ப்பேன் என்றும் எழுதியிருந்தாள். மெக்கானிக்குக் கால் தரையில் பாவவில்லை. அதைச் சத்தமாக, இரண்டு தடவை, டீச்சருக்குப் படித்துக் காட்டினான்.

டீச்சர் யோசிக்கக்கூட இல்லை. "அது நம்ம வண்டிக்குப் போட்டதுங்க. அவங்க வண்டிக்கு அவங்க போட்டுக்கட்டும்."

எவ்வளவு சொல்லியும் அவள் இறங்கி வரவில்லை. சரி, ஞாயிற்றுக்கிழமை ஒரு தடவை வண்டியில் வந்து கேட்டுவிட்டு அப்புறம் சொல் என்றான் மெக்கானிக். யோசித்துப் பார்த்தால், தான் போட்ட வரிசையை அது போடப்பட்ட இடத்தில் அவள் கேட்டதே இல்லை. ஞாயிறு மத்தியானம், சாப்பிட்ட கையோடு, இருவரும் கிளம்பினார்கள். பக்கத்து இருக்கையில் எப்போதும் கருவிப் பைதான் உட்காரும்; அதைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டு டீச்சர் உட்கார்ந்தாள். வேனில் சோப்புத் தூள் வாசம் அடிக்கிறது என்றாள். பாலம் ஏறும்போது மரப்பெட்டி தடதடவென்று தொடங்கியது. அவள் விரல்கள் கருவிப் பையின் மேல் தட்டின. உள்ளே ஸ்பேனர்கள் கூடவே சலசலத்தன. மெக்கானிக்குக் கண் சொருகவில்லை. சொருகிவிடக் கூடாது என்று அவள் வேறு இரண்டு தடவை திரும்பிப் பார்த்துக்கொண்டாள். ஆற்றுக்கு அந்தப் பக்கம், அவன் வேலை செய்கிற தெருக்களையெல்லாம் ஒரு சுற்றுச் சுற்றினார்கள். அந்த மூன்றாம் மாடியைக் காட்டினான். மாடியில் துணி காய்ந்தது, அதில் சாக்ஸ் இருந்ததா என்று கீழிருந்து தெரியவில்லை.

ஞாயிறானாலும் பெரிய சிக்னலில் வண்டிகள் நின்றன. தாலாட்டு வந்தது. பின்னால் ஒருவன் ஹாரனை அழுத்திக்கொண்டே இருந்தான். மெக்கானிக் திட்டுவதற்கு வாயைத் திறந்து, பக்கத்தில் பார்த்து, மூடிக்கொண்டான். படகுப் பாட்டு முடியும்போது வேன் அவர்கள் தெருவுக்குள் திரும்பியது. கடைசிப் பாட்டு. அவள் ஜன்னல் பக்கம் முகத்தை வைத்து, வாயசைத்துக்கொண்டு வந்தாள். வீட்டு வாசலில் வண்டியை நிறுத்திய பிறகும் அவன் சாவியைத் திருப்பவில்லை. மூன்றாவது சரணத்தின் இரண்டாவது வரியில், பாடகி வரியை மறந்து சிரிப்பதற்கு ஒரு நொடி முன்னாலேயே, மடியில் கருவிப் பையோடு டீச்சர் சிரித்துவிட்டாள்.