திறக்கிறது, தெரியவில்லை

தங்கைக்கு ஒரு பஸ் கம்பெனியின் தலைமை அலுவலகத்தில் வேலை. எந்த டிப்போவில் கம்ப்யூட்டர் மக்கர் பண்ணினாலும் போன் அவளுக்குத்தான் வரும். அதிகமாக வரும் புகார் ஒன்று உண்டு. எக்செல் ஃபைல் திறக்கிறது, அதன் பெயர்கூடக் கீழே பட்டையில் இருக்கிறது, ஆனால் திரையில் ஒன்றும் தெரியவில்லை. இதற்கான காரணங்கள் அவளுக்குத் தலைகீழ்ப் பாடம். ஃபைல் திரையின் ஓரத்தைத் தாண்டி வெளியே போயிருக்கும். இல்லையென்றால் யாராவது கை தவறி அதை மறைத்து வைத்திருப்பார்கள்.

அதே கம்பெனியின் பெரிய டிப்போவில் டிரைவர்களுக்கு டூட்டி போடுவது அவள் அக்கா. டிரைவர்கள் எல்லோருக்கும் அவள் டூட்டியக்கா. எவருடைய பிள்ளைக்குப் பரீட்சை, எவருக்கு இடுப்பு வலி என்பதெல்லாம் அவளுக்கு அத்துப்படி. அதற்கேற்ப வண்டியைப் பிரித்துக் கொடுப்பாள். ஏன் கல்யாணம் செய்துகொள்ளவில்லை என்று யாராவது கேட்டால், "எங்கே, இவனுங்களுக்கு லீவு குடுத்துக் குடுத்து எனக்கு லீவே கிடைக்கல" என்பாள். அக்காவும் தங்கையும் ஒரே வீட்டில்தான் இருந்தார்கள்.

ஒரு நாள் அக்காவிடமிருந்தே போன் வந்தது.

"வணக்கம் மேடம். ஏழைங்க போன் பண்ணா எடுப்பீங்களா?"

"அக்கா, வேலை இருக்கு. என்னன்னு சொல்லு."

"டூட்டி ஃபைல் திறக்குது, ஆனா ஆளைக் காணோம்டி."

விசாரித்ததில், அக்காவின் மேஜையில் இடது பக்கம் இருந்த இரண்டாவது திரையை டிக்கெட் கவுண்டருக்குத் தூக்கிப் போயிருந்தார்கள். ஃபைல் இன்னமும் அந்தத் திரை இருப்பதாக நினைத்துக்கொண்டு அங்கேயே திறந்துகொண்டிருந்தது.

"கீழே பட்டையில அந்த ஃபைலைக் கிளிக் பண்ணு. ஆல்ட்டையும் ஸ்பேஸையும் சேர்த்து அமுக்கு. எம் அடி. இப்ப வலது பக்க அம்புக்குறிய விடாம அமுக்கு."

"இரு... இரு... ஆ, வந்துட்டான்! ஊர் சுத்திட்டு வந்த மாதிரி மெதுவா வர்றான் பாரு."

இருவரும் சிரித்தார்கள். அதோடு முடிந்திருக்க வேண்டியது. ஆனால் அடுத்த வாரமும் அக்கா கூப்பிட்டாள், அதற்கடுத்த வாரமும் கூப்பிட்டாள். தங்கை போனிலேயே ஏதாவது சொல்வாள். ஃபைலைத் திரை முழுக்க விரிக்கச் சொன்னால் சரியாகிவிடும். பழைய வியாதிதான் திரும்பத் திரும்ப வருகிறது என்று நினைத்துக்கொண்டாள்.

பிறகு ஒரு காலையில் இரண்டு வண்டிகள் டிரைவர் இல்லாமல் நின்றுபோயின. அக்கா அச்சடித்து ஒட்டிய டூட்டி அட்டவணையில் இடது ஓரத்துக் காலை ஷிஃப்டு வரிசை பாதி வெறுமையாக இருந்தது. பல வருஷம் ஒரு தப்பும் செய்யாதவள். மீசை என்று எல்லோரும் கூப்பிடும் மூத்த டிரைவர், தன் பெயரே இல்லாததைப் பார்த்துவிட்டு ஜன்னலில் நின்று கத்தினார். "என்னக்கா, கண்ணு தெரியலையா உனக்கு?" மேனேஜர் எல்லோர் முன்னாலும் விளக்கம் கேட்டார். எல்லாம் நிரப்பித்தான் கொடுத்தேன், கம்ப்யூட்டர்தான் தின்றுவிட்டது என்று அக்கா சாதித்தாள்.

தங்கைக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. அக்கா மேல் பழி விழக் கூடாது, இயந்திரத்தைக் கையும் களவுமாகப் பிடித்துவிட வேண்டும் என்று நேரே டிப்போவுக்குப் போனாள். அக்காவின் நாற்காலிக்குப் பக்கத்தில் ஒரு ஸ்டூலைப் போட்டுக்கொண்டு ஒவ்வொன்றாகச் சோதித்தாள். திரை ஒன்றுதான் என்று கம்ப்யூட்டருக்குத் தெரிந்திருந்தது. மறைத்து வைத்த ஃபைல் எதுவும் இல்லை. எக்செலையே கழற்றி மறுபடி ஏற்றினாள்.

"இப்ப திற."

அக்கா திறந்தாள். ஃபைல் திரையின் இடது பாதியில் பளிச்சென்று வந்து நின்றது. வலது பாதி காலியாக இருந்தது.

"பாத்தியா?" என்றாள் அக்கா, ஜெயித்தவளைப் போல. "திறந்துச்சு. வந்துச்சா? இல்லல்ல?"

தங்கை சிரித்துவிட்டாள். "விளையாடாதக்கா. மேனேஜர் பாத்தா நம்மளை ரெண்டு பேரையும் வெளிய அனுப்பிருவார்."

"யாருடி விளையாடறா? எனக்கு அழுகையா வருது, நீ வேற."

அக்காவின் முகத்தில் சிரிப்பு இல்லை. தங்கை மௌஸை வாங்கினாள். ஃபைலைப் பிடித்து, மெதுவாக, மிக மெதுவாக, வலது பக்கம் இழுத்தாள்.

"எப்ப தெரியுதுன்னு சொல்லுக்கா."

அக்கா நேரே பார்த்துக்கொண்டிருந்தாள். ஃபைல் திரையின் நடுவைத் தாண்டியது.

"ஆ, வந்துருச்சு! என்னடி பண்ண? எழுதிக் குடுத்துட்டுப் போ, அடுத்த வாட்டி நானே பண்ணிக்கிறேன்."

தங்கை மௌஸை வைத்துவிட்டாள். வீட்டில் கொஞ்ச நாளாக அக்கா தட்டில் ஒரு பக்கத்துச் சாப்பாட்டை அப்படியே வைத்துவிட்டு எழுந்ததும், இடது தோளில் கதவு இடித்துக் கன்றியிருந்ததும், அதற்கு, "பாத்து நடக்கக் கூடாதா?" என்று தான் எரிந்து விழுந்ததும் ஒன்றன்மேல் ஒன்றாக வந்து விழுந்தன.

"அக்கா, கிளம்பு. டாக்டர்கிட்ட போவோம்."

"கம்ப்யூட்டருக்குக் கோளாறுன்னா நான் எதுக்குடி டாக்டர்கிட்ட வரணும்?"

மூளையின் வலது பக்கம் பின்னால் கட்டி. படத்தைக் காட்டி, டாக்டர் தங்கையிடம் தனியாகச் சொன்னார்: "கண்ணு ரெண்டும் நல்லாத்தான் இருக்கும்மா. ஆனா இடது பக்கம்னு ஒண்ணு இருக்கறதையே அவங்க மூளை மறந்துருச்சு. அதனால எதுவும் குறையுதுன்னு அவங்களுக்குத் தெரியாது." அறுவை சிகிச்சை செய்தார்கள். முழுதும் எடுக்க முடியவில்லை.

அக்காவை வீட்டுக்குக் கொண்டுவந்தபோது கட்டிலின் வலது பக்கம் சுவராக இருந்தது. தங்கை அன்றே கட்டிலைச் சுவரைவிட்டு நகர்த்தி நடு அறையில் போட்டாள். வருகிறவர்களையும் வலது பக்கமாகவே அழைத்துப் போவாள். மீசை வந்த அன்று அவள் அடுப்படியில் இருந்தாள். வெளியே வந்து பார்த்தால், அவர் கட்டிலின் இடது பக்கம் பழப் பையோடு நின்றுகொண்டிருந்தார். அக்கா அவர் பக்கம் திரும்பவே இல்லை.

"அக்காவுக்கு என் மேல கோவம் தீரல போல," என்றார் மெல்ல. "அன்னைக்கு நான் பேசுனது தப்புதாம்மா. ரொம்பத் தப்பு."

தங்கை அவர் கையைப் பிடித்துக் கட்டிலைச் சுற்றி வலது பக்கம் கொண்டு போய் நிறுத்தினாள்.

அக்காவின் முகம் மலர்ந்தது. "அட, எப்ப வந்தே? நிக்கறியே, உக்காரு. இடுப்பு வலி எப்படி இருக்கு? ராத்திரி வண்டி எடுக்காதேன்னு சொன்னேனே, கேட்டியா?"

அந்தப் பெரிய மனிதர் வாயைப் பொத்திக்கொண்டு அழுதார். அக்காவுக்கு ஏன் என்று புரியவில்லை. "ஏண்டி, இவனுக்கு வீட்ல ஏதாச்சும் பிரச்சனையா?" என்று தங்கையைக் கேட்டாள்.

மழைக்காலம் போய் வெயில் ஏறத் தொடங்கிய சமயத்தில் அக்காவுக்கு வலது பக்கமும் மங்கத் தொடங்கியது. மறுபடி ஆஸ்பத்திரி. இந்த முறை டாக்டர் படம் எதையும் காட்டவில்லை. தங்கை வலது பக்கமே உட்கார்ந்திருந்தும் அக்கா கையால் காற்றைத் துழாவினாள்.

"ஏண்டி, போயிட்டியா?"

"இங்கதான்க்கா இருக்கேன்."

"இருந்தா பேசேன். பேசாம இருந்தா எப்படித் தெரியும்?"

தங்கை அந்தக் கையைப் பிடித்துக்கொண்டு பேசினாள். என்ன பேசுவதென்று தெரியாமல், வாய்க்கு வந்ததையெல்லாம் பேசினாள். பக்கத்து வீட்டுக்காரர் புதிதாகப் போட்ட பச்சைப் பெயின்ட், எண்ணெய்ச் சட்டியில் தான் சுட்டுக்கொண்டது, சின்ன வயதில் இருவரும் ஒரே குடையில் போய் இருவருமே நனைந்தது. அக்கா நடுவில் ஒரு தடவை சிரித்தாள். பிறகு கண்ணை மூடிக்கொண்டாள். தூங்கட்டும், ஆனால் விழித்தால் தேடக் கூடாதே என்று தங்கை குரலைத் தாழ்த்திக்கொண்டு மேலும் பேசினாள். நர்ஸ் வந்து நாடியைப் பார்த்துவிட்டு, அவள் தோளில் கை வைத்து, "போதும்மா" என்றாள்.

"இருங்க, இதை முடிச்சிர்றேன்," என்றாள் தங்கை.