கோல்காப்பாளர் கைதட்டிய கோல்

1977இல் ஈப்போ திடலில் நான் போட்ட கோலைப் பார்த்து, அதை விட்ட கோல்காப்பாளரே நின்று கைதட்டினார். பந்து வலையைப் பிய்த்துக்கொண்டு சித்தியவான் வரை போய், கடலில் ஒரு முழுக்குப் போட்ட பிறகுதான் நின்றது.

கைதட்டிய லியாகத் அலி இன்று ஈப்போவில் சாப்பாட்டுக் கடை வைத்திருக்கிறார். "கோல் வாங்கினவன் எவனாச்சும் கைதட்டுவானாலா? பச்சைப் பொய்யி" என்று, நான் ஓய்வு பெற்ற நாளிலிருந்து தே தாரிக் என்கிற நுரைத் தேநீரோடு சேர்த்து மறுப்பையும் ஆற்றித் தருகிறார்.

அந்தக் கோலில் என் பங்கு கால்தான். மீதியெல்லாம் எங்கள் தோட்டத்து அலுவலகக் கிராணி கார்த்திகேசு. பந்து தன் பக்கம் உருண்டு வந்தால் குடையை விரித்துக்கொள்கிற மனிதர் அவர்!

செமோர் பக்கம் எங்கள் ரப்பர் தோட்டம். ரப்பரைச் சாய்த்துச் செம்பனை நட்டுக்கொண்டிருந்த காலம். இந்த முறையும் பந்தாட்டக் கோப்பை வராவிட்டால் திடலிலும் செம்பனைதான் என்று துரை சொல்லிவிட்டார். எங்கள் கல்யாணப் பந்தல், திருவிழா, பிள்ளைகளின் ஓட்டம் எல்லாம் அந்த ஒரே திடலில்தான்.

எங்கள் பந்துக் குழுவில் எல்லாரும் புலிகள். ஆனால் நானும் மாயாண்டியும் பேசிக்கொள்வதில்லை. என் மனைவி ராக்காயியின் தம்பி அவன். எங்கள் கல்யாணத்தில் மாப்பிள்ளைத் தோழனாக மச்சினனை நிறுத்தாமல் என் பெரியப்பா வேறொருவனை நிறுத்திவிட்டார். அன்றிலிருந்து மாயாண்டி எதிரணிக்குக் கொடுத்தாலும் கொடுப்பான், எனக்குப் பந்து தர மாட்டான். நானும் சளைத்தவனில்லை.

வேறு யாராக இருந்தாலும் எங்களில் ஒருவனைக் கழற்றிவிட்டிருப்பார்கள். கிராணி, விடிகாலைப் பெரட்டில் ஆள்கணக்கு எடுத்து ரப்பர் மரம் சீவும் வேலையைப் பிரிக்கும்போது, எங்கள் இருவரையும் கூப்பிட்டு, "பத்துமலை, மாயாண்டி, இனிமே ரெண்டு பேரும் ஒரே மலைக்காடு. ரெண்டு பேர் பாலும் சேர்ந்து வந்தாத்தான் லோரி ஏத்தும்" என்றார்.

"வேற ஆளே இல்லையாங்கய்யா?" என்றான் மாயாண்டி.

"இருக்கு. அவங்க யாரும் பந்து விளையாடலையே."

அந்த மலை இமயமலைக்கு அண்ணன். முதல் வாரம் என் பால் பிந்தியது. லோரி காத்து நின்றது. மாயாண்டி பல்லைக் கடித்தான். பிறகு ஒரு வார்த்தை பேசாமல் என் மர நிரைக்குள் புகுந்து, மரங்களில் கட்டியிருந்த மங்குகளில் வடிந்த பாலைத் தன் வாளியில் ஊற்றத் தொடங்கினான். அவன் பிந்திய நாளில் நான் போனேன். வாளிச் சத்தத்தை வைத்தே, அடுத்து எந்த மரத்தடிக்கு வருவான் என்று எனக்குத் தெரியும். அவனுக்கும் அப்படித்தான்.

இறுதியாட்டத்தின் கடைசி நிமிடம். ஒன்றுக்கு ஒன்று. கோல் எதிரே மாயாண்டி. திரும்பிக்கூடப் பார்க்காமல் பந்தைப் பின்னங்காலால் தட்டினான். நான் அங்கே இருந்தேன். வேறு எங்கே இருப்பேன்? அடித்தேன்.

"மச்சான்!" என்று கத்திக்கொண்டு என்மேல் பாய்ந்தான். கல்யாணத்துக்குப் பிறகு அவன் என்னிடம் சொன்ன முதல் வார்த்தை.

தோட்டம் கைமாறிவிட்டது. திடல் இருக்கிறது. அதைத் தாண்டும்போதெல்லாம் கிராணியின் வீடு இருந்த திசையைப் பார்த்து நாங்கள் இருவரும் ஒரு கும்பிடு போடுவோம்.

போன வாரம் மாயாண்டியையே கடைக்கு இழுத்துப் போனேன். "பாய், கைதட்டுனீங்களா, இல்லையா?" என்றான் அவன்.

லியாகத் அலி குவளையைக் கீழே வைத்தார்.

"பந்து சித்தியவானுக்குப் போகலை. வலைக்குள்ளதான் கிடந்துச்சு. ஆனா, செத்தாலும் நீ இவனுக்குக் கொடுக்க மாட்டேன்னு உன் காலையே பார்த்துக்கிட்டு இருந்தேன்லா. நீ கொடுத்ததைப் பார்த்ததும்... ஆமா, தட்டினேன்."