முந்நூற்றுப் பத்து கிராம்

தர்வினை நான் முதல் முறை நிறுத்தபோது அவன் இடுப்பில் ஒரு வெள்ளிக் கொடி மட்டும்தான் இருந்தது. அவனுக்கு இரண்டு மாதம்.

"கழட்டிட்டு நிறுக்கலாமாக்கா?" என்று கேட்டேன்.

கேட்டது அவன் அம்மா ரூபினியிடம் அல்ல, அத்தை பிரேமாவதியிடம். பிள்ளையைத் தூக்கிக்கொண்டு உள்ளே வந்தவர் அவர்தான். ரூபினி பையோடு பின்னால் வந்தாள்.

"கோயில்ல வெச்சுக் கட்டினது மிஸி. மொட்டை போடுற வரைக்கும் எறக்கக் கூடாது. நீ தமிழ்ப்புள்ளதானே, ஒனக்குத் தெரியாதா?"

தெரியும். எங்கள் வீட்டிலும் அப்படித்தான். கொடிக்கு முப்பது கிராம் கழித்து எழுதினேன்.

பாடாங் செராய்ப் பக்கம் ஒரு சிறிய தாய்சேய் கிளினிக். தாதியர் அறிவியல் பட்டம் முடித்து வேலைக்கு வந்து எட்டு மாதம் ஆகியிருந்தது. தமிழ் பேசும் தாதி, அவர்கள் வாயில் 'மிஸி', நான் ஒருத்திதான் என்பதால் தமிழ்க் குடும்பங்களை என் மேசைக்கே அனுப்புவார்கள். பல்கலைக்கழகத்தில் இதற்கென்று ஒரு முழுப் பாடம் உண்டு. பிள்ளையை மட்டும் பார்க்காதே, குடும்பத்தோடு சேர்த்துப் பார். அவர்கள் நம்பிக்கையை மதி. அவர்களைப் பேசவிட்டுக் கேள். அந்தப் பாடத்தில் எனக்கு ஏ கிரேடு. குடும்பத்தில் யாரைப் பேசவிடுவது என்று தேர்வில் யாரும் கேட்கவில்லை.

பிரேமாவதிதான் பேசுவார். கையுறைத் தொழிற்சாலையில் முப்பது பெண்களை மேய்ப்பவர். அம்மா இல்லாத தம்பி தீபனை, அதாவது தர்வினின் அப்பாவை, வளர்த்து, கல்யாணம் செய்துவைத்து, தன் வீட்டிலேயே வைத்திருந்தார். தீபனுக்குக் கூலிம் ஊரில் பன்னிரண்டு மணி நேர ஷிப்ட். கிளினிக்குக்கு வந்ததில்லை. ரூபினி செமிலிங்கிலிருந்து வந்த பெண், என்னைவிட மூன்று வயது சிறியவள்.

மூன்றாம் மாதம் தர்வின் காலில் தண்டை இருந்தது.

"புள்ள மெலிவா இருக்கான்னு முருகனுக்கு நேர்ந்துக்கிட்டேன். மாசத்துக்கு ஒரு வெள்ளி நகை. ஒடம்பு தேறிடும் பாரு."

தராசு ஐந்து கிலோ நூறு காட்டியது. பிள்ளைகளின் ரெக்கார்டு புக்கில் வயதுக்கு ஏற்ற எடைக் கோடுகள் இருக்கும். சிவப்புக் கோட்டுக்குக் கீழே புள்ளி விழுந்தால் டாக்டரிடம் அனுப்ப வேண்டும். மூன்று மாதத்துக்குச் சிவப்புக் கோடு ஐந்து கிலோவில் ஓடுகிறது. தண்டை எத்தனை கிராம் என்று கேட்க வேண்டும். கேட்டால், "வெள்ளிக்கு வெல போடப் போறியா மிஸி?" என்பார் பிரேமாவதி. எல்லாரும் சிரிப்பார்கள். நான் கேட்கவில்லை. கொடிக்குக்கூடக் கழிக்கவில்லை.

"பால் குடிக்கிறப்ப ரொம்ப வேர்க்குது மிஸி," என்றாள் ரூபினி. "பாதியிலயே தூங்கிடறான்."

"வேர்க்காம? சளி புடிக்கும்னு ஃபேன அமத்திட்டு உக்காந்திருக்கா. சூசாலா இவளோட, பெரிய தொல்ல. புள்ளய ஆவியில வேக வெச்சுட்டு வேர்க்குதாம்."

நான் சிரித்தேன். பிரேமாவதி சொன்னால் சிரிப்பு வந்துவிடும். ரூபினியும் சிரித்தாள்.

குழந்தையின் மூச்சை ஒரு நிமிடம் முழுதாக எண்ண வேண்டும். பாக்கார் ஆராங்கில் எனக்கு ஒரு மாப்பிள்ளை இருப்பதாகப் பிரேமாவதி சொல்லிக்கொண்டிருந்தார். சொந்த வீடாம், ஓட்டிப் போகக் கெரேத்தா இருக்காம். பதினைந்து வினாடி எண்ணி நான்கால் பெருக்கினேன். 'பால் குடிப்பது நன்று' என்று எழுதினேன்.

நான்காம் மாதம் கையில் காப்பு. ஐந்து கிலோ எழுநூறு. ஐந்தாம் மாதம் இடுப்பில் இரண்டாவது கொடி, முதலாவதைவிடத் தடிமன். ஆறு கிலோ நூறு. ஒவ்வொரு முறையும் புள்ளி சிவப்புக் கோட்டின் தலையில் போய் உட்கார்ந்தது. பிள்ளை மெலிய மெலிய வெள்ளி ஏறியது, வெள்ளி ஏற ஏற எடை ஏறியது. இது பிறகுதான் எனக்குப் புரிந்தது என்று எழுதினால் அது பொய். நான்காம் மாதமே தெரியும்.

ஐந்தாம் மாதம் நிறுத்துப் பத்து நாள் கழித்து ரூபினி தனியாக வந்தாள். அவளுக்கு அன்றைக்கு முறை இல்லை.

"அண்ணி கோலாலம்பூர் கல்யாணத்துக்குப் போயிருக்காங்க," என்றாள். மேசைமேல் ஒரு பிளாஸ்டிக் டப்பாவைத் திறந்து வைத்தாள். பிள்ளையைப் படுக்கவைத்து, காப்பு, தண்டை, இரண்டு கொடி என்று ஒவ்வொன்றாகக் கழற்றி அதற்குள் போட்டாள். அவசரப்படவில்லை. நான் பார்த்துக்கொண்டே நின்றேன்.

"இப்ப நிறுங்க."

ஐந்து கிலோ எழுநூற்றுத் தொண்ணூறு. வெள்ளியைத் தனியாக நிறுத்தேன். முந்நூற்றுப் பத்து.

"இது ஒனக்கு எப்பலேருந்து தெரியும்?"

"ரெண்டு மாசமா. மளிகைக் கடைத் தராசுல போட்டுப் பாத்தேன்."

"ஏன் ரூபினி என்கிட்ட சொல்லல?"

"சொன்னேனே மிஸி. வேர்க்குதுன்னேன். தூங்கிடறான்னேன். நீங்க அண்ணியப் பாத்துச் சிரிச்சீங்க."

அவள் குரலில் கோபம் இல்லை. மணி கேட்டால் சொல்வதுபோலச் சொன்னாள்.

அன்றைக்கு ஒரு நிமிடம் முழுதாக எண்ணினேன். அறுபத்தெட்டு. இந்த வயதில் ஐம்பதைத் தொடக் கூடாது. மூச்சு உள்ளே போகும்போது விலாவுக்குக் கீழே குழி விழுந்தது. அவன் சட்டையைக் கழற்றி இரண்டடி தள்ளி நின்றாலே தெரிகிற குழி. அரை மணி நேரத்தில் டாக்டர் ஆம்புலன்ஸுக்குச் சொன்னார்.

இதயத்தில் ஓட்டை. பெரியது. நுரையீரலுக்குள் ரத்தம் அதிகமாகப் போய்க்கொண்டிருந்தது. சுங்கை பட்டாணி ஆஸ்பத்திரியில் படுக்கவைத்து மூக்கு வழியாகக் குழாய் போட்டார்கள். அறுவை சிகிச்சை செய்ய வேண்டும், ஆனால் இந்த எடையில், நுரையீரல் இந்த நிலையில் இருக்கும்போது பயம் என்றார்கள். முன்பே வந்திருந்தால் மருந்து கொடுத்துத் தேற்றியிருக்கலாம் என்று டாக்டர் சொன்னாராம்.

நான் நான்காம் நாள் மத்தியானம் போனேன். கட்டிலருகே ரூபினி ஸ்டூலில் உட்கார்ந்திருந்தாள். தீபன் வேலை உடையிலேயே சுவரில் சாய்ந்து நின்றான். பிரேமாவதி கையில் ரெக்கார்டு புக்கு.

"எங்கிட்ட இருக்குற வரைக்கும் நல்லா ஏறுச்சு," என்று பக்கத்துக் கட்டில் அம்மாளிடம் சொல்லிக்கொண்டிருந்தார். "நாலு நாள் கல்யாணத்துக்குப் போனேன். வெள்ளிய எறக்கிட்டா. எறக்குன அன்னிக்கே ஆம்புலன்ஸு. இதுக்கு மேல என்ன சொல்றது?" என்னைப் பார்த்ததும், "வா மிஸி. நீயே சொல்லு. ஆறு கிலோ இருந்தானா இல்லையா?" என்றார்.

ரூபினி தலையைத் தூக்கவில்லை.

"இல்லக்கா," என்றேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை. இன்னொரு முறை சொன்னேன். "வெள்ளியோட நிறுத்தேன். மூணு மாசமா எடை சரியா ஏறல. அப்பவே டாக்டர்கிட்ட அனுப்பியிருக்கணும். தப்பு என்னோடது. ரூபினிதான் புள்ளயக் கொண்டாந்தா."

பிரேமாவதி புக்கை என் முகத்துக்கு நேரே விரித்தார்.

"இது யாரு எழுத்து?"

"என்னோடது."

"அன்னிக்குச் சரின்னு எழுதுன. இன்னிக்குத் தப்புங்குற. நாளைக்கு என்ன சொல்லுவ? முருகனுக்குப் போட்ட வெள்ளிதான் என் புள்ளயச் சாய்ச்சிடுச்சுன்னு சொல்லுவியா?"

"அப்படிச் சொல்லலக்கா."

"பின்ன எப்படி?" அவர் கண் கலங்கியிருந்தது. "தம்பி, கேட்டியா இவ பேசுறத?"

தீபன் அக்காவைப் பார்த்தான், மனைவியைப் பார்த்தான். புக்கை வாங்கி மூடினான். "மிஸி, சாட்சி சொல்ல வந்தீங்களா, அவளுக்கு?" என்றான். "ரெண்டு பேரும் முன்னாடியே பேசி வெச்சுக்கிட்டீங்களா?"

அதற்கு என்னிடம் பதில் இருந்தது. சொல்ல வாயெடுத்தேன்.

"நீங்க போங்க மிஸி," என்றாள் ரூபினி. "நீங்க பேசப் பேச எனக்குத்தான் ஏச்சு கூடும்."

அந்த நேரம் வார்டுத் தாதி ஒருவர் மூக்குக் குழாயில் விடப் பால் அளந்த ஊசிக்குழலோடு வந்தார். மலாய்க்காரப் பெண், நாற்பது வயது இருக்கும். பெற்றோரில் ஒருவர் மட்டும் இருக்கலாம் என்று சொல்லி மற்றவர்களை வெளியே அனுப்பினார். பிரேமாவதி முதலில் ஸ்டூலைப் பிடித்தார். தாதி அவர் கையை மெதுவாக எடுத்துவிட்டு, "அம்மா இருக்கட்டும்," என்று மலாயில் சொல்லித் திரையை இழுத்தார்.

நான் திரைக்கு இந்தப் பக்கம் பையை எடுத்துக்கொண்டிருந்தேன். ராத்திரி எப்படித் தூங்கினான் என்று உள்ளே தாதி கேட்டது காதில் விழுந்தது. ரூபினி சொல்லத் தொடங்கினாள். உடைந்த மலாய். எத்தனை மணிக்கு இருமினான், எந்தப் பக்கம் படுக்கவைத்தால் மூச்சு லேசாகிறது, உதடு எப்போது நிறம் மாறுகிறது. வார்த்தை கிடைக்காத இடத்தில் நிறுத்தித் தேடினாள். தாதி காத்திருந்தார். இவ்வளவு நேரம் அவள் பேசி நான் கேட்டதே இல்லை. என்னிடம் அவள் தமிழிலேயே சொல்லியிருக்கலாம்.