எர்த் வயர்

"அஞ்சு மணிக்குள்ள பதில் சொல்லணும்னு அந்த இல்லத்து அம்மா..."

"பத்தாம் நம்பர் ஸ்பேனர் எங்க வெச்சே?"

"...ரெண்டு தடவை போன் பண்ணிட்டாங்க. மூணாவது தடவை பண்ண மாட்டாங்க. நமக்குப் பின்னால பதினாலு பேர்..."

"பதினாலு பேரும் போய்ச் சேரட்டும். நான் வேணும்னா பதினஞ்சாவதா போய்ப் படுத்துக்கறேன். ஸ்பேனரைக் குடு."

மனைவி இடது கையால் கொடுத்தாள். வலது மணிக்கட்டில் கட்டுப் போட்டிருந்தது. முந்தாநாள் மகன் கடித்த இடம்.

வீட்டு வாசலில் காரின் முன்மூடி திறந்து கிடந்தது. கணவர் பேட்டரியின் மைனஸ் முனையைக் கழற்றி, அந்தத் தடித்த கறுப்பு வயரைப் பழைய துணியில் சுற்றி ஓரமாக ஒதுக்கி வைத்தார்.

"பாத்துக்கோ. இதைக் கழட்டாம உள்ள ஒரு வயரைக்கூடத் தொடக்கூடாது. போன தடவை நான் இதைச் செய்யலை."

"போன தடவை என்னதான் செஞ்சீங்க?"

அவர் துணியை இன்னொரு சுற்றுச் சுற்றினார். பதினோரு வருஷத்துக்கு முன்னால் பழைய ஸ்டீரியோவைப் பொருத்தியதும் அவர்தான். அச்சகத்தில் பைண்டிங் வேலை பார்த்தவர். ஒட்டுவது, தைப்பது எல்லாம் அத்துப்படி என்ற நினைப்பில் வயர்களைக் கையால் முறுக்கி டேப்பைச் சுற்றிவிட்டார். ஒன்பது நாளுக்கு முன்னால் டேப் உருகி டாஷ்போர்டிலிருந்து புகை வந்தது. பின் சீட்டில் மகன் இருந்தான்.

உள்ளே, வீட்டுச் சுவரில் டொம் என்றொரு சத்தம். சற்று விட்டு இன்னொரு டொம்.

"தலையணை வெச்சியா?"

"வெச்சேன். அதைத் தள்ளிட்டு முட்டறான்."

மகனுக்கு இருபத்தாறு வயது. பேச்சு வராது. வீட்டில் அவனுக்குத் துரை என்று பட்டப்பெயர். நாலு மணி அடித்தால் யாராவது கார் கதவைத் திறந்துவிட வேண்டும், ஏறி உட்கார்ந்துகொள்வான். பாட்டுப் போட்டு ஊரைச் சுற்றிப் போகும் பெரிய சாலையில் நாற்பது நிமிஷம் ஓட்டினால் போதும். திரும்பி வந்து சாப்பிட்டு, விடியும்வரை தூங்குவான். இத்தனை வருஷமாக அந்த நாற்பது நிமிஷத்தில்தான் குடும்பம் ஓடியது. புகை வந்த நாளிலிருந்து பாட்டு இல்லை, தூக்கமும் இல்லை. அவனுக்கும் இல்லை, இவர்களுக்கும் இல்லை. இவனைப் போன்றவர்களைத் தங்கவைத்துப் பார்த்துக்கொள்ளும் இல்லம் ஒன்றில், மூன்று வருஷத்துக்கு முன்னால் இடம் கேட்டு எழுதிப் போட்டதற்கு, இப்போது பார்த்து ஒரு கட்டில் காலியாகியிருந்தது.

"கடையில குடுத்திருக்கலாம்," என்றாள்.

"ஒரு நாள் பூரா வண்டியை வெச்சுக்குவாங்க. வாசல்ல வண்டியைக் காணோம்னா உன் புள்ள கேட்டைப் பேத்துடுவான். புது ஸ்டீரியோவோட வந்த அந்தத் தாளைப் படி."

அவள் கண்ணாடியை மூக்கில் இறக்கிவிட்டுப் படித்தாள். "மஞ்சள், எப்பவும் கரண்ட். சிவப்பு, சாவி போட்டாத்தான் கரண்ட். கறுப்பு, எர்த், வண்டியோட இரும்புல மாட்டணும். இதுக்கு எதுக்கு இவ்வளவு யோசனை? சிவப்போட சிவப்பைச் சேருங்க."

"கலரை நம்பி மோசம் போகச் சொல்றியா? நம்ம வண்டியில சிவப்பு வேற எதுக்கோ போகுது. காலையிலயே டெஸ்ட் லேம்ப் வெச்சுப் பாத்துட்டேன்."

ஒவ்வொரு வயரிலும் பைண்டிங் காகிதத்தில் சீட்டு எழுதி ஒட்டியிருந்தார். புத்தக முதுகில் தலைப்பு ஒட்டுவது போல அத்தனை நேர்த்தி. வயர் முனைகளைச் சீவி, சின்ன உலோகக் குழலுக்குள் இரண்டையும் நுழைத்து, இடுக்கியால் நசுக்கி, இழுத்துப் பார்த்தார். மேலே ரப்பர் குழாய் மாட்டிச் சூடு காட்டியதும் அது சுருங்கிக் கவ்வியது. மஞ்சள் வயருக்குப் பேட்டரி பக்கத்திலேயே ஃபியூஸ் வைத்தார். கடைசியாக, டாஷ்போர்டுக்கு அடியில் தலைகீழாகப் படுத்து, ஒரு போல்ட்டைச் சுற்றிப் பெயின்ட்டை உப்புத்தாளால் சுரண்டினார்.

"நல்லா இருக்கற பெயின்ட்டை எதுக்குச் சுரண்டறீங்க?"

"வெறும் இரும்பு தெரியணும். அப்பத்தான் நல்ல எர்த். பெயின்ட் மேலயே மாட்டித்தான் அன்னைக்குக் கெடுத்தேன்."

மூன்றே முக்காலுக்கு மைனஸ் முனையைத் திரும்ப மாட்டினார். சாவியைத் திருப்பினார். பாட்டு வந்தது. பாடுபவள் மூச்சு இழுப்பதுகூடக் கேட்டது.

"பாத்தியா? புகையும் இல்லை, புண்ணாக்கும் இல்லை. போ, துரையைக் கூட்டிட்டு வா. அந்த அம்மாவுக்குப் போன் போட்டு, கட்டிலை வேற யாருக்காவது குடுக்கச் சொல்லு."

"முதல்ல அவன் உக்காரட்டும்."

துரை ஓட்டமாக வந்து பின் சீட்டில் ஏறினான். அவள் பெல்ட்டை மாட்டிவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தாள். கணவர் எஞ்சினைக் கிளப்பினார். துரை தலையைச் சாய்த்தான். கதவிலிருந்த ஸ்பீக்கரில் கன்னத்தை வைத்தான். எடுத்தான். மறுபடி வைத்தான். பிறகு நிமிர்ந்து ஜன்னல் கண்ணாடியில் முட்ட ஆரம்பித்தான்.

"சத்தம் பத்தலை போல," என்று கூட்டினார். "வேற பாட்டு வெக்கறேன், இரு."

அவள் கண்ணாடிக்கும் தலைக்கும் நடுவில் தன் கையைக் கொடுத்திருந்தாள். ஒவ்வொரு முட்டுக்கும் கட்டுப் போட்ட இடம் தெறித்தது. அப்போதுதான் அவளுக்கு எதுவோ உறைத்தது.

"என்னங்க, அந்தச் சத்தம் எங்க?"

"எந்தச் சத்தம்?"

"பாட்டுக்குப் பின்னால ஒண்ணு வருமே, வண்டு மாதிரி. நீங்க மிதிச்சா ஏறும், விட்டா இறங்கும்."

"அது பழுதும்மா. எர்த் சரியில்லாம எஞ்சின் சத்தம் ஸ்பீக்கர்ல வந்தது. அதை ஒழிக்கத்தானே இவ்வளவு பாடுபட்டேன்."

"இத்தனை வருஷமா அவன் அதைத்தாங்க கேட்டுட்டு இருந்திருக்கான்."

பாட்டு முடிந்து அடுத்தது தொடங்கும் இடைவெளியிலும் அவன் கன்னத்தை எடுக்காமல் இருந்ததெல்லாம் இப்போது அவளுக்கு ஞாபகம் வந்தது. பாட்டோடு முனகுகிறான் என்று அக்கம்பக்கத்தில் பெருமை வேறு அடித்திருந்தாள்.

கணவர் எஞ்சினை அணைத்தார். இறங்கி, டாஷ்போர்டுக்கு அடியில் மறுபடி தலைகீழாகப் படுத்தார்.

"என்ன பண்றீங்க?"

"எர்த் வயரைப் பழையபடி பெயின்ட் மேலயே மாட்டறேன்."

"அது ஆபத்துன்னு இப்பத்தானே..."

"நீதானே கேட்டே, சத்தம் எங்கன்னு."

திரும்பக் கிளப்பியபோது முதலில் படபடவென்று பொரிந்தது. பிறகு, பாட்டுக்கு அடியிலிருந்து, அது வந்தது. மிதித்தார், ஏறியது. விட்டார், இறங்கியது. துரை முட்டுவதை நிறுத்தினான். கன்னம் ஸ்பீக்கருக்குப் போனது, கண் பாதி மூடியது. பின்னால் பார்க்கும் கண்ணாடியில் கணவரும் அவளும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். அவள் மகனின் தோளில் மெல்லத் தலையைச் சாய்த்தாள். அவன் தள்ளவில்லை.

மூன்று நிமிஷம் இருக்கும். பிளாஸ்டிக் தீயும் வாசனை இருவர் மூக்கிலும் ஏறியது. இருவரும் சொல்லவில்லை. கடைசியில் அவள்தான் கேட்டாள்.

"ஃபியூஸ் போகலையா?"

"போகாது. கரண்ட் அதிகமாப் போனாத்தான் போகும். இது லூஸா தொட்டுக்கிட்டுச் சூடாகுது, அதுக்குத் தெரியாது."

"அப்ப யாருக்குத் தெரியும்?"

"சத்தத்தைக் கொறைச்சு வெச்சா தாங்கும். பதினோரு வருஷம் தாங்கலையா?"

"அன்னைக்குப் பெல்ட்டைக் கழட்டி இவனை வெளிய இழுக்க எவ்வளவு நேரமாச்சு தெரியுமா? புகைக்குள்ள ஸ்பீக்கரைப் பிடிச்சுக்கிட்டு வர மாட்டேன்னான். அந்தச் சத்தம் நிக்கற வரைக்கும் இவன் இறங்க மாட்டான்."

"போன்ல அந்தச் சத்தத்தைப் பிடிச்சு..."

"மிதிச்சா ஏறணும், விட்டா இறங்கணும். இவனை ஏமாத்த முடியாது."

"இன்னும் ரெண்டே நிமிஷம்மா."

அவள் இரண்டு சீட்டுக்கும் நடுவில் கையை நீட்டிச் சாவியைத் திருப்பினாள்.

துரையை உள்ளே கொண்டுபோய்ச் சேர்க்க இரண்டு பேரும் வேண்டியிருந்தது. கணவரின் சட்டைப் பை கிழிந்தது. சுவரில் டொம் டொம் என்று மறுபடி ஆரம்பித்ததும் அவர் வாசலுக்கு வந்து, மைனஸ் முனையைக் கழற்றிவிட்டு, டாஷ்போர்டுக்கு அடியில் நுழைந்தார். கருகிய வயர் முனையை வெட்டி, புதிதாகச் சீவி, சுரண்டி வைத்த வெறும் இரும்பில் முடுக்கத் தொடங்கினார். எதற்கு என்று அவருக்கே தெரிந்திருக்காது.

அவள் கூடத்தில் நின்று போனில் பேசினாள். நாலைந்து தடவை சரிங்க என்றாள். ஒரு தடவை, "ஆமாங்க, கடிப்பான்," என்றாள். பிறகு வெளியே வந்து, வெளியே நீட்டிக்கொண்டிருந்த அவர் கால்மாட்டில் நின்றாள். ஸ்பேனர் நின்றது.

"துணியிலெல்லாம் அவன் பேரைத் தைச்சுக் கொண்டு வரச் சொல்றாங்க. உள் பனியன்லயும் தைக்கணுமாங்க?"